தோல்வியில் பங்கு

எங்கள் தலாஸ் பள்ளத்தாக்குப் பக்கத்தில் பீன்ஸ் அறுத்துப் போட்டிருக்கும் நாட்களில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாது. எல்லோர் கண்ணும் வானத்தின் மேலேயே இருக்கும். அறுத்துக் குவித்த செடி வெயிலில் மொறமொறவென்று காய வேண்டும். காய்ந்த பிறகுதான் மெஷினில் விட்டுப் பயறு பிரிக்க முடியும். அதற்குள் மழை விழுந்தால் வெள்ளைப் பயறின் மேல் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். புள்ளி விழுந்த பயறைத் துருக்கி வியாபாரி தொட மாட்டான், தொட்டாலும் அவன் சொன்னதுதான் விலை. நான் வேன் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பால் எடுக்கிறவன். காலையில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "மேகம் வருது" என்றுதான் பதில் வரும்.

என் கடைசி வீடு சமத்தின் வீடு. ஒரே ஒரு மாடு. அந்த ஒரு மாட்டுப் பாலுக்காகக் கால்வாய் தாண்டி வேனைத் திருப்புவது டீசலுக்குக்கூடக் கட்டாது. ஆனாலும் போவேன். சமத் எங்கள் ஊர்க் குதிரை அணியில் கோக்-போரு ஆடியவன். அதில் செத்த ஆட்டின் உடலைக் குதிரைமேல் இருந்தபடியே பறித்துக் கோலில் போட வேண்டும்; பறித்துக்கொண்டு அவன் பறந்தான் என்றால் எதிராளி பாதி தூரத்திலேயே கடிவாளத்தை இழுத்துவிடுவான். குதிரை ஒருமுறை மேலே விழுந்து கால் ஒடிந்ததோடு ஆட்டம் போயிற்று. இப்போது விந்தி விந்தி நடக்கிறான்.

அவன் பெண்சாதி குல்சின் மூன்று வருஷம் மாஸ்கோவில் ஒரு பெரிய கடைவளாகத்தில் துப்புரவு வேலை பார்த்துவிட்டு இந்த வசந்தத்தில்தான் வந்தாள். அவள் வந்து இறங்கிய அன்று ஒன்பது வயது மகள் அய்ஜான், யாரோ விருந்தாளி என்று நினைத்து உள்ளே போய் டீ போட ஆரம்பித்திருக்கிறாள். இதைக் குல்சினே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இனிமே போக மாட்டேன் ஷாதி அண்ணே. செத்தாலும் போக மாட்டேன். இந்த வருஷம் பயறு வித்ததும் ரெண்டு மாடு. மூணு மாட்டுப் பால் இருந்தா நாங்க பொழைச்சுக்குவோம். உங்க வேன்ல எனக்கு ரெண்டு கேனுக்கு இடம் வச்சிருங்க."

"ரெண்டு கேன் வச்சா என் பொண்டாட்டி உக்கார இடம் இருக்காதே."

"அண்ணிய நடக்கச் சொல்லுங்க. உடம்புக்கு நல்லது."

அந்த ஆகஸ்டில்தான் மாவட்டத் தலைமை ஊரில், சந்தைக்குப் பக்கத்தில், உதிரிபாகக் கடையை ஒட்டிப் கால்பந்து ஆட்டங்களின் மேல் காசு கட்டும் பந்தயக் கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே சுவர் நிறைய டிவி, குளிர்காலத்துக்கு ஹீட்டர். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக்கூட அப்படி ஒரு கதவு கிடையாது.

குல்சினின் தம்பி உலான், தலைநகர் பிஷ்கேக்குக்கும் தலாஸுக்கும் டாக்சி ஓட்டுகிறவன். அந்த மாதிரிக் கடைகளுக்கு, பிஷ்கேக்கிலேயே, அவன் பழைய பக்தன். ஒருநாள் நான் போனபோது முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, போன வருஷத்து மிச்ச மூட்டையைக் கொட்டிப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குல்சின், அய்ஜான், சமத் மூவரும் குனிந்திருக்க, உலான் மட்டும் ஒரு கையால் ரொட்டியைப் பிய்த்து கிரீமில் தோய்த்துத் தின்றுகொண்டே மறுகையால் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"இங்க பாருங்க அத்தான்." இரண்டு பயறைத் தனியே எடுத்து வைத்தான். "இவன் பலமான டீம். இவன் சோப்ளாங்கி. பலமானவன் மேல ஒரு பயறு வச்சு அவன் ஜெயிச்சா, உங்களுக்கு ஒண்ணே கால் பயறு வரும். வச்ச ஒண்ணு, மேல கால். சோப்ளாங்கி மேல வச்சு அவன் ஜெயிச்சா எட்டு."

"அப்ப சோப்ளாங்கி மேலயே வைக்கலாமே?"

"அவன் ஜெயிக்க மாட்டான்ல."

"ஜெயிக்க மாட்டான்னா எதுக்கு எட்டு குடுக்கறான்?"

"ஜெயிக்க மாட்டான்னுதான் குடுக்கறான்."

சமத் தலையைச் சொறிந்தான். குல்சின் பொறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். "ரெண்டு பேரும் சமபலம்னா எவ்வளவு?"

"நூறு வச்சா நூத்தித்தொண்ணூறு."

"சமம்னா நூத்துக்கு எரநூறுல்ல வரணும்? மிச்சப் பத்து எங்க?"

"கடை வாடகை, கரண்டு, அந்தக் கவுண்டர்ப் புள்ளைக்குச் சம்பளம். கடைக்காரனும் சாப்பிடணும்லக்கா."

குல்சின் கை நிறையப் பயறை அள்ளினாள். "நீயும் உங்க அத்தானும் மாறி மாறி ஜெயிக்கறீங்க, மாறி மாறித் தோக்கறீங்க. ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு பயறு எடுத்துக்கறான்." ஒவ்வொன்றாகத் தன் சட்டிக்குள் போட்டாள். "கடைசில எல்லாம் எங்க இருக்கும்? இங்க."

"மாஸ்கோ போயிப் படிச்சுட்டு வந்துட்ட."

"படிக்கல. கக்கூஸ் கழுவினேன். அந்த வளாகத்துல கீழ்த்தளத்துல இதே மாதிரி ஒரு கடை இருந்துச்சு. அந்தக் கடைக் கக்கூஸ்லதான் ஆம்பளைங்க கதவச் சாத்திக்கிட்டு அழுவாங்க. நான் தரையத் தொடைக்க முடியாம வெளிய நிப்பேன்."

உலான் அதைக் காதில் வாங்கவில்லை. நாலைந்து ஆட்டங்களை ஒன்றாகக் கோத்து வைப்பதைப் பற்றிச் சொன்னான். எல்லாம் பலித்தால் எண்கள் ஒன்றோடொன்று பெருகிப் பெரிய தொகை வரும், ஒன்று பிசகினால் எல்லாம் போச்சு. பிறகு விரலை நீட்டி நீட்டி அறிவுரை சொன்னான். போனால் வலிக்காத காசை மட்டும் வைக்க வேண்டும், தோற்றதைப் பிடிக்கத் துரத்தக் கூடாது, புரியாத பந்தயத்தில் கை வைக்கக் கூடாது. எல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் போன குளிர்காலத்தில் அவன் டாக்சியின் ஸ்டெப்னியை விற்றது எனக்குத் தெரியும்.

சமத்துக்கு அந்தக் கோத்து வைக்கிற பந்தயம் பிடித்துப்போயிற்று. எங்கள் நாட்டுப் பணத்தில் இருநூறு சோம், இருநூறு சோமாக வைக்க ஆரம்பித்தான். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலான் கோத்துக் கொடுத்த ஆறு ஆட்டமும் பலித்துவிட்டது. ஒரு நல்ல கறவை மாடும் இன்னொரு மாட்டில் பாதியும் வாங்கலாம், அவ்வளவு பணம்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேட்டைக்குப் போனவன் காட்டாட்டோடு திரும்பினாலும் சரி, குதிரைப் பந்தயத்தில் பரிசு அடித்தாலும் சரி, எதிரே வருகிறவன் "சோகாத்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெயித்தவன் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னவன் பெயர் ஊரில் அதோடு முடிந்தது. கோக்-போரு ஆடிய காலத்தில் சமத் இந்த விஷயத்தில் ராஜா. ஒருமுறை பரிசாக வந்த கம்பளத்தை மைதானத்திலேயே கொடுத்துவிட்டு, இன்னொருவன் கேட்டானென்று சேணத்தையும் கழற்றிக் கொடுத்து, வெறும் குதிரை முதுகில் வீட்டுக்கு வந்தான்.

கால்பந்தில் ஜெயித்ததற்கும் கேட்கலாமா என்று ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் பால் எடுக்கப் போகும்போதே வாசலில் ஆள். வெல்டர் காதிர் புது வெல்டிங் கம்பிக்கும், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் வகுப்பறை ஜன்னல் கண்ணாடிக்கும், சமத்தின் பெரியம்மா மகன் தன் மகள் கல்யாணத்துக்கும் கேட்டார்கள். இமாம்கூட வந்தார்.

"பந்தயக் காசு ஆகாதுப்பா சமத். நான் ஆகும்னு சொல்ல மாட்டேன்."

"தெரியும் ஐயா."

"ஆனா சோகாத் கேக்காம போனா உன்ன ஒதுக்கி வச்ச மாதிரி ஆயிடும்ல."

அவருக்கும் ஒரு மூட்டை மாவு போயிற்று. எனக்கு வேனின் பின் டயர். நான் கேட்கக்கூட இல்லை. சமத்தே டயரைப் பார்த்து, "இதுலயா மலைப்பாதை ஏறற? இரு," என்று வாங்கிக் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கால் ஒடிந்ததிலிருந்து யாரும் அவனிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது விந்தல்கூடக் குறைந்தமாதிரி இருந்தது.

வாரம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. ஒரு செம்மறி அடித்தார்கள், அப்புறம் இன்னொன்று. குல்சின் எண்ணெயில் பொர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துப் பொரித்து விருந்துத் துணியில் கொட்டிக்கொண்டே இருந்தாள். நான் கேனை எடுக்கக் கொல்லைப்புறம் போனபோது இருவரும் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

"அடுத்து வர்றவனுக்கு இல்லைன்னு சொல்லு."

"எப்படிடீ சொல்றது? நான் ஆடுன காலத்துல யாருக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கேனா?"

"அப்ப ஜெயிச்சது நீ. இப்ப எவனோ ஜெயிச்சான், எந்த ஊருன்னுகூடத் தெரியாது."

"ஜெயிச்ச காசு என் கைலதான வந்துச்சு."

"வந்து எங்க நின்னுச்சு? ஒரு மாட்டுக் கயிறு வாங்கக் காசு இருக்கா பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. அந்தக் கடைக்குப் போகிற எல்லோருக்கும் ஜெயித்தது கொஞ்சமாவது கைக்குள் தங்கும், தோற்றதோடு கழித்துப் பார்க்கலாம். சமத்துக்கு ஜெயித்தது எல்லாம் ஊருக்கு, தோற்றது எல்லாம் வீட்டுக்கு. இதை உலான் தன் பாடத்தில் சொல்லவில்லை. அவனுக்கும் ஒரு பங்கு கிடைத்திருந்தது, புது ஸ்டெப்னி.

அக்டோபர் தொடக்கத்தில் பீன்ஸ் அறுத்தார்கள். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் மலைப்பக்கம் கறுத்தது. அன்று சாயங்காலமே பிடித்த மழை, அடுத்தடுத்த நாள் ஆலங்கட்டியும் பனியுமாக மாறிப் பெய்து தீர்த்தது. குல்சினும் அய்ஜானும் குவியல்மேல் தார்ப்பாயை இழுத்து இழுத்துப் போர்த்தினார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி எறிந்தது. நானும் வேனை நிறுத்திவிட்டுப் போய்ப் பிடித்தேன். கை விறைத்துப்போய்க் கயிறு முடிச்சுகூடப் போட வரவில்லை. சமத் நொண்டிக் காலோடு சேற்றில் விழுந்து எழுந்து கல் பொறுக்கி வந்து தார்ப்பாய் விளிம்பில் வைத்தான். அந்த வீட்டில் யாரும் சோம்பேறி இல்லை, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

மழை விட்டுக் காய வைத்து மெஷினில் விட்டபோது பயறில் புள்ளி விழுந்திருந்தது. வியாபாரி ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். வழக்கமான விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னான். சமத்துக்கு முகம் செத்துப்போயிற்று. குல்சின்தான் தேறினாள்.

"சரி விடு. ரெண்டு நல்ல மாடு வராது. ஒரு நல்ல மாடு, ஒரு கெழட்டு மாடு. கெழடும் கன்னு போடும். என்ன ஷாதி அண்ணே?"

"கெழட்டு மாட்டுப் பால்லதான் கொழுப்பு ஜாஸ்தி," என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவள் சிரிக்கட்டும் என்று சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குல்சினின் சித்தி செத்துப்போன சேதி வந்தது. அவள் அய்ஜானைக் கூட்டிக்கொண்டு இழவு வீட்டுக்குப் போனாள். போகும்போது, "வியாபாரி வந்தா எடை போட்டுக் குடுத்துரு, பணத்தப் பெட்டில வை," என்று சொல்லிவிட்டுப் போனாள். வியாபாரி மத்தியானம் வந்து மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். மழைக்கு முன்னால் இருந்த விலையைத்தான் சமத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பணம் முழுவதையும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பந்தயக் கடைக்குப் பஸ் ஏறினான்.

பிறகு என்னிடம் அவனே சொன்னான். மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஆசைப்படல ஷாதி. சத்தியமா ஆசைப்படல. பெரிய டீம் ஒண்ணு, கடைசி எடத்துல இருக்கிற டீமோட ஆடுது. பக்கத்துல ஒண்ணே கால்னு போட்டிருக்கு. மழை அஞ்சுல ஒண்ணத் தின்னுருச்சா? ஒண்ணே கால்னா தின்னது அப்படியே திரும்பி வந்துரும். ஒரு பைசா கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. கணக்கு அவ்வளவு பொருத்தமா வந்தா என்ன நெனைப்ப? எனக்குன்னு எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு."

"சரி, தோத்தா?"

"அவனுக எங்க தோக்கறது? மிஞ்சிப் போனா சமமா முடியும். சமம்னா போட்ட காசு திரும்பி வந்துரும்னு நெனச்சேன். உலான் போட்டுக் குடுத்ததுல ஒருதடவை அப்படித் திரும்பி வந்துச்சு."

"அது சமமானா காசு திரும்பற வேற மாதிரிப் பந்தயம்டா."

"இப்பத் தெரியுது. கோக்-போருல சமம்னு ஒண்ணு உண்டா? ஒருத்தன் ஜெயிக்கிற வரைக்கும் குதிரைய விட்டு எறங்க மாட்டோம். நம்ம ஊர்ல எந்த ஆட்டமாவது சமமா முடிஞ்சு நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஆனால் அவன் காசு வைத்த ஆட்டம் ஆளுக்கு ஒரு கோலோடு சமமாக முடிந்தது. சமத் கவுண்டருக்குப் போய், "டீம் தோக்கலம்மா, லாபம் வேணாம், என் காச மட்டும் குடு," என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெண் சீட்டைத் திருப்பிக் காட்டி, ஜெயிக்கும் என்றுதான் நீங்கள் வைத்தீர்கள், ஜெயிக்கவில்லையே என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவன் நம்பாமல், பெரிய மனுஷர் யாராவது வந்து தீர்ப்புச் சொல்வார்கள் என்று கடை சாத்துகிற வரைக்கும் அங்கேயே நின்றிருக்கிறான். எங்கள் மைதானத்தில் தகராறு வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பார்கள். அங்கே கண்ணாடிக் கதவை இழுத்துப் பூட்டினார்கள்.

குல்சின் திரும்பி வந்து அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் காலை என் வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போறம்மா?"

"நீங்க பால் எடுக்கற வீடெல்லாம் நானும் வர்றேன்."

முதலில் வெல்டர் காதிர் வீடு. அவன் பெண்சாதி கேனோடு வந்தவள், குல்சினைப் பார்த்ததும் துணி விரித்து ரொட்டியும் ஜாமும் வைத்தாள். குல்சின் ரொட்டியை ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு காதிரைப் பார்த்துச் சொன்னாள்.

"காதிர் அண்ணே, அவரு ஜெயிச்சப்ப நீங்க பங்கு கேட்டு வந்தீங்க. இப்பத் தோத்துட்டாரு. தோத்ததுல பங்கு குடுக்க வந்திருக்கேன்."

காதிர் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "தோத்ததுல என்னம்மா பங்கு?"

"பாதி வேணாம். நீங்க வாங்கிட்டுப் போன அளவுக்கு."

"அந்தக் கம்பி தீந்துபோச்சே தங்கச்சி. ஒரு கேட் செய்யறதுக்கே போயிருச்சு. அப்படி ஒரு வழக்கம் நம்மகிட்ட இல்லியே."

"இல்லதான். நான் சும்மா கேட்டுப் பாத்தேன்."

பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாட்டி முடித்த ஜன்னல் கண்ணாடியைக் காட்டினார். பெரியம்மா மகன் வீட்டில் இல்லை என்று உள்ளேயிருந்து அவன் குரலே சொன்னது. இமாம் கண்கலங்கி, பாதி மூட்டை மாவைத் திருப்பிக் கொடுத்தார், அவர் ஒருவர்தான். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் சமத்துக்காக வருத்தப்பட்டார்கள். வருத்தப்படாதவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. வழியில் நான் வேனை நிறுத்தி, "டயரக் கழட்டிக் குடுத்துடறேன் குல்சின்," என்றேன்.

"கழட்டுனா நான் எப்படி வீட்டுக்குப் போறது? ஓட்டுங்க." கொஞ்ச தூரம் போனபிறகு, "உங்கள ஒண்ணு கேக்கணும் அண்ணே," என்றாள். "மாஸ்கோலேருந்து நான் பணம் அனுப்புனா உங்க பேருக்கு அனுப்பட்டுமா? நீங்க அய்ஜான் கைல குடுங்க. பால் காசு குடுக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா. அவரு கைல வேணாம்."

வேனின் வேகத்தைக் குறைத்தேன். "போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"வேற என்ன அண்ணே பண்ணச் சொல்றீங்க?"

பணத்தை என் பேருக்கே அனுப்பச் சொன்னேன். அவள் உலானின் டாக்சியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், மினி பஸ்ஸில்தான் போனாள். அய்ஜான் பஸ் வரைக்கும் வந்தாள். அம்மாவின் பைக்குள் ரொட்டியும் உலர்ந்த குருத் தயிர் உருண்டைகளும் வைத்தாள். ஒரு பெரிய மனுஷி மாதிரி, கணவாயில் பனியாம், மெதுவாப் போகச் சொல்லும்மா என்று டிரைவருக்குக் கேட்கும்படி சொன்னாள். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றாள். பிறகு, மாட்டுக்குத் தீனி வைக்கவில்லை என்று ஓடினாள்.

முதல் பணம் டிசம்பரில் வந்தது. நான் எடுத்துக்கொண்டு சாயங்காலப் பாலுக்குப் போனேன். பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. அய்ஜான் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே சமத் வந்தான். சவரம் செய்து நாளாகியிருந்தது. பந்தயக் கடைக்குப் போவதை விட்டுவிட்டான் என்று உலான் சொல்லிக்கொண்டிருந்தான். அதை நம்பத்தான் எனக்கும் ஆசையாக இருந்தது. நான் பாலை அளந்து ஊற்றிவிட்டு, அய்ஜானைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் கையுறைக்குள் பணத்தை வைத்தேன். சமத் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு அவ."

நான் கேனை ஏற்றினேன். அவன் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப எனக்கு எல்லாம் புரிஞ்சுருச்சு ஷாதி. முன்னாடி தெரியாம ஆடுனேன். சமம்னா என்ன, எந்தப் பந்தயத்துல திரும்ப வரும், எதுல வராது, எல்லாம் உக்காந்து படிச்சுட்டேன். சின்னதா ஒண்ணே ஒண்ணு. அவ அனுப்பறத அவளுக்கே திருப்பிக் குடுத்து வரவச்சுருவேன்."

"வீட்டுக்குள்ள போ சமத். குளுருது."

"ஒரு நூறு சோம்."

"எங்கிட்ட கேக்காத. அது எம் பணம் இல்ல."

அவன் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தான். எதைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்களோ அதைச் சொன்னான். ஒரே ஒரு வார்த்தை. விளையாட்டுக்குச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டு, கையை நீட்டி, "சோகாத்" என்றான். பெற்ற மகளிடம், அவள் தாய் கக்கூஸ் கழுவி அனுப்பிய காசில்.

"அய்ஜான், உள்ள போ," என்றேன்.

அவள் போகவில்லை. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு நூறு சோம் தாளைப் பிரித்தெடுத்தாள். மிச்சத்தை மறுபடி உள்ளே திணித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுல்ல மாமா."

சமத் அந்தத் தாளை வாங்கிக்கொண்டான்.